இரவல் பேச்சில் ஒரு கலிமா

இந்த நாட்டில் பிறந்தநாள் கலண்டரைக் கக்கூசுக்குள் தொங்கவிடுகிறார்கள். ஊரிலிருந்து இதை வாசிக்கிறவர்கள் நான் பகிடி விடுகிறேன் என்று நினைப்பீர்கள். உண்மைதான். உட்கார்ந்தால் முகத்துக்கு நேரே, மாதத்துக்கு ஒரு தாளாக, தாய் தகப்பன், மச்சான் மச்சாள், கூட்டாளிமார் என்று எல்லோருடைய பெயரும் கையெழுத்தில் இருக்கும். தினமும் கண்ணில் பட்டால் மறக்காது என்பது இவர்களுடைய நியாயம். இடது காலை முன்வைத்து, வாசலிலேயே துஆ ஓதிவிட்டு உள்ளே போய், வாய் திறக்காமல் வெளியே வந்து பழகிய எனக்கு, அந்த இடத்தில் மனிதர்களின் பெயர்களைக் காண இப்போதும் உடம்பு கூசும்.

முதியவர்களின் வீடுகளுக்குப் போய் அவர்களைக் கழுவி, உடுப்பு மாற்றி, மருந்து கொடுத்துவிட்டு வருவது என் தொழில். பள்ளிக்கூடத்தில் ஓ.எல். வரை மட்டும் படித்தவனுக்கு இங்கே கிடைத்த நல்ல தொழில், அல்ஹம்துலில்லாஹ். சண்டை முடிந்து சில வருடங்களில், ஒல்லாந்தில் வளர்ந்த பெண்ணைக் கலியாணம் முடித்து வந்தேன். எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளை பெண் வீட்டுக்குப் போவதுதான் வழக்கம்; நான் கொஞ்சம் தூரமாகப் போய்விட்டேன். வந்த புதிதில் ஒரு வீட்டில், கக்கூஸ் என்பது ஒல்லாந்தர் எங்களுக்கு விட்டுப்போன சொல் என்று யாரோ சொல்லக் கேட்ட துணிவில், அந்தச் சொல்லையே சொல்லி வழி கேட்டேன். வீட்டுக்காரக் கிழவியின் முகம் சிவந்துவிட்டது. இங்கே அது இப்போது வாயில் எடுக்கக் கூடாத வார்த்தையாம். அவர்கள் எப்போதோ கைகழுவிய சொல்லை நாங்கள் இலங்கையில், கற்பிட்டியில், தலைமுறை தலைமுறையாக மரியாதையோடு வைத்திருக்கிறோம்.

இப்படிப் பல வீடுகளின் கலண்டரைப் பார்த்து ஓரளவு மனம் மரத்துப்போயிருந்த நேரத்தில்தான், ஒரு வீட்டில் மார்ச் மாதத் தாளில் அப்துல் மஜீத் என்ற பெயரைக் கண்டேன். அல்லாஹ்வின் அழகிய பெயர்களில் ஒன்று அதற்குள் இருக்கிறது. அதுவும் அந்த இடத்தில். பக்கத்தில் சின்னதாக ஒரு சிலுவை வேறு போட்டிருந்தது. யாரோ ஒரு முஸ்லிம் இந்த வீட்டாரின் பேச்சைக் கேட்டு மதம் மாறிவிட்டார் என்று நினைத்து, அன்று முழுக்க அந்த முகம் தெரியாத மனிதருக்காக வருந்தினேன். பிறகு வீட்டு அம்மாவிடம் தயங்கித் தயங்கிக் கேட்டபோது, சிலுவை போட்டால் ஆள் இறந்துவிட்டார் என்று அர்த்தம், வேறொன்றும் இல்லை என்றார். இறந்தவரின் பெயரை ஏன் அழிக்கவில்லை என்று கேட்டேன். பிறந்தநாள் வருவது நின்றுவிடவில்லையே என்றார்.

அந்த வீட்டுக்கு நான் போனதே ஒரு விசித்திரமான காரணத்தால். எங்கள் கந்தோரில் வேலை பிரித்துக் கொடுக்கும் பெண் ஒருநாள் என்னைக் கூப்பிட்டு, உங்கள் மொழி பேசும் வயோதிபர் ஒருவர் இருக்கிறார், வேறு யார் போனாலும் ஒன்றும் விளங்கவில்லை என்றாள். யாழ்ப்பாணத்துப் பெரியவர் யாராவது இருக்கும் என்று எண்ணிக்கொண்டு போனேன். கதவைத் திறந்தவர் உயரமான வெள்ளைக்காரப் பெண்மணி, எழுபதுக்கு மேல் இருக்கும். மெஃப்ரௌ அன்னெகே. மெஃப்ரௌ என்றால் அம்மணி என்ற மாதிரி. உள்ளே, யன்னலோரக் கட்டிலில், வலது கையும் காலும் விளங்காமல், நீலக் கண்ணும் பஞ்சுத் தலையுமாக அவருடைய கணவர். ஓய்வுபெற்ற புரொபசர். என்னைக் கண்டதும் இடது கையால் கதிரையைக் காட்டினார்.

“வா தம்பி, குந்து. களப்புல தண்ணி வத்திப் பெய்த்து. இனி அசருக்குப் பொறகுதான் தோணி எடுக்கேலும்.”

அசர் என்றது எங்கள் பின்னேரத் தொழுகையை. புத்தகத்தில் படித்த வெள்ளைக்காரத் தமிழ் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். இது அது இல்லை. இது எங்கள் களப்புக் கரையின் பேச்சு. என் பேச்சுகூட இல்லை. என் வாப்பாவும் அவரோடு உப்பளத்தில் வேலை செய்தவர்களும் பேசிய பேச்சு. பாரிசவாதம் அடித்ததில் அவருடைய தாய்மொழி முழுதாகப் போய்விட்டது, ஆங்கிலமும் போய்விட்டது, இளவயதில் படித்த இது ஒன்றுதான் மிஞ்சியது என்று மெஃப்ரௌ சொன்னார். மிக அரிதாக அப்படி நடக்குமாம். கட்டின மனைவியோடு பேச அவரிடம் ஒரு சொல்லும் மிச்சமில்லை. என்னோடு பேச ஒரு கடல் நிறையச் சொல் இருந்தது.

மொழிகள் எப்படிப் பிறந்து எப்படி வளர்ந்து மாறுகின்றன என்று ஆராய்வதே அவர் தொழிலாக இருந்தது. ஒரு சொல் எந்தக் கரையில் கப்பல் ஏறியது, எந்தக் கரையில் இறங்கியது, இறங்கிய இடத்தில் என்ன உடுப்பு மாற்றிக்கொண்டது என்று தேடுகிற வேலை. ஒல்லாந்துச் சொற்களைத் தேடிக் கற்பிட்டிக் கோட்டைக்கு வந்தவர், கோட்டையை விட்டுவிட்டு வெளியே இருந்த முஸ்லிம்களின் பேச்சில் விழுந்துவிட்டார். களப்பில் சாமான் தோணி ஓட்டிய மஜீத் என்பவரின் வீட்டில் இரண்டு வருடம் தங்கி, அவரோடு தோணியில் போய், அவரோடு உண்டு, அவர் பேசியதை எல்லாம் நாடாவில் பிடித்தார். நான் பிறப்பதற்கு முந்திய கதை இது. இடையில் சண்டை வந்து அவரால் திரும்பிப் போக முடியவில்லை. சண்டை முடிந்த பிறகு ஒரு முறை போயிருக்கிறார். மஜீத் மௌத்தாகி வெகுகாலம். மஜீத் பேசிய மாதிரிப் பேச ஒருவரும் இல்லை. வந்து பெட்டியை இறக்கி வைத்துவிட்டு, நான் போன ஊர் அங்கே இல்லை என்று மட்டும் சொன்னாராம்.

ஏன் இல்லை என்று எனக்குத் தெரியும். தொண்ணூறில் மன்னாரிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் விரட்டப்பட்ட எங்கள் முஸ்லிம் சனம் கையில் ஒரு பையோடு கற்பிட்டியில் வந்து இறங்கியபோது எனக்குப் பத்து வயது. ஓலைக் கொட்டில்கள் எழும்பின. என் பள்ளிக்கூட வாங்கில் மன்னார்ப் பொடியன்மார் நெருக்கி உட்கார்ந்தார்கள். முதலில் அவர்களுடைய பேச்சை நாங்கள் பழித்தோம், எங்களுடையதை அவர்கள் பழித்தார்கள். பிறகு எது யாருடையது என்று எங்களுக்கே மறந்துபோனது. புரொபசருக்கு மறக்கவில்லை. மூன்றாம் நாளோ நாலாம் நாளோ, முதுகு தேய்த்துக்கொண்டிருந்தபோது தலையைச் சரித்துக் காது கொடுத்துக் கேட்டவர், “உன்ட கதையில மன்னார் ஈக்கி. அகதி ஊட்டுப் புள்ளையா நீ?” என்றார். இல்லை சேர், கூடப் படித்தவர்களால் வந்தது என்றேன். “அப்ப கள்ளச் சரக்கு” என்று சொல்லிச் சிரித்தார். அந்தச் சிரிப்பு எங்கோ ஒரு தோணியில் பழகிய சிரிப்பு. என்ன சொன்னார் என்று மெஃப்ரௌ கேட்டார். என்னைக் கள்ளச் சரக்கு என்கிறார் என்றேன். அவர் சிரிக்கவில்லை. எனக்கு அவர் நகைச்சுவை சொல்லி எத்தனை மாதம் என்றார்.

தேத்தண்ணி கொடுத்தால் புரொபசர் பிஸ்மி சொல்லிக் குடிப்பார். குடித்து முடித்தால் அல்ஹம்துலில்லாஹ். கட்டிலிலிருந்து தூக்கினால் யா அல்லாஹ். மஜீத் என்ன என்ன இடத்தில் எதைச் சொன்னாரோ அதை அதை அந்த இடத்திலேயே சொன்னார். நான் மெஃப்ரௌவிடம் விளக்கினேன், இவர் இறைவனின் பெயரைச் சொல்லிக் குடிக்கிறார் என்று. அவர் தலையை ஆட்டி, என் கணவர் கோயில் குளம் ஒன்றுக்கும் போகாதவர், கடவுள் இல்லை என்பதில் அவருக்குச் சந்தேகமே இருந்ததில்லை, அது அந்தப் பேச்சோடு ஒட்டிக்கொண்டு வருவது என்றார். அப்படித்தான் நானும் நினைத்தேன். வலையை இழுத்தால் பாசியும் வரும்தானே.

ஆனால் அந்த வீட்டுக்குப் போகும்போது நான் காவலுக்கு ஓதும் ஆயத்துல் குர்ஸியை ஓதிக்கொண்டுதான் படியேறினேன். பேய் பிசாசை நம்புகிறவன் இல்லை நான். மௌத்தானவர்கள் திரும்பி வருவதில்லை என்பது எங்கள் ஈமான். இருந்தாலும் மெஃப்ரௌ சொன்ன ஒரு விஷயம் என்னை விடவில்லை. பல வருடங்களாக மேல்மாடி அறையிலிருந்து இரண்டு ஆண்களின் குரல் கேட்குமாம். ஒன்று நாடாவில் மஜீத். மற்றது அவருடைய கணவர். மஜீத் நாடாவில் ஒன்றைக் கேட்பார். புரொபசர் அறையில் இருந்து பதில் சொல்வார். கோப்பி கொண்டு போகிற மெஃப்ரௌ கதவுக்கு வெளியே நின்று, அந்தக் கதை முடியட்டும் என்று காத்திருப்பாராம். இப்போது மேல்மாடியில் சத்தமில்லை, அந்த மனிதர் கீழே இறங்கி வந்து என் கணவரின் வாய்க்குள் குடியிருக்கிறார் என்று, அழாமல், பால் முடிந்துவிட்டது என்று சொல்வதுபோலச் சொன்னார். எனக்கு அதில் வேறொரு குரலும் கேட்டது. தொண்டையைச் செருமிவிட்டு, “என்ன செய்யிற, அல்லாட நாட்டம்” என்று அவர் முடிக்கும்போது, அந்த வயதுக் கறுத்த முதுகு ஒன்று என் கைக்குள் இருப்பதுபோல இருக்கும். துவாயைப் பிழிகிற சாட்டில் திரும்பிக்கொள்வேன்.

என் வாப்பா தொற்றுக் காலத்தில் ஆஸ்பத்திரியில் மௌத்தானார். அந்தக் காலத்தில் இலங்கையில் அந்த நோயால் இறந்த எல்லோரையும் எரித்தார்கள். எரிக்க வேண்டாம், ஆழமாகத் தோண்டி அடக்குகிறோம் என்று எங்கள் சனம் கெஞ்சாத இடமில்லை. எனக்கு மூத்தவர், மதுரங்குளியில் கடை வைத்திருக்கிற நானா, ஆஸ்பத்திரி வாசலில் ஒரு பகல் முழுக்க நின்றுவிட்டு எனக்குப் போன் எடுத்தார். வாப்பாவின் மையித்தைத் தரவில்லை என்றார். பிறகு வெகுநேரம் தெருவில் வாகனம் போகிற சத்தம் மட்டும் கேட்டது. குளிப்பாட்டவில்லை, கபன் துணி இடவில்லை. நான் இங்கே அறையில் தனியாக, மையித்து முன்னால் இல்லாமலே தொழுகிற காயிப் ஜனாஸா தொழுதேன். வாப்பாவுக்கு கபுர் இல்லை. ஊருக்குப் போனால் நின்று ஸலாம் சொல்ல ஓரிடம் இல்லை. தெரியாத முதியவர்களை எல்லாம் நாளும் பொழுதும் கழுவுகிற எனக்கு, கழுவ வேண்டிய ஒருவர் கிடைக்கவில்லை.

ஆகவே, இந்த வருடம் புரொபசரின் நிலை மோசமாகி, மெஃப்ரௌ மேசையில் கோப்பியை வைத்துக்கொண்டு, இவரை எரிப்பதற்கு எல்லாம் பேசி ஒழுங்கு செய்துவிட்டேன், நல்ல அறிவோடு இருந்த காலத்தில் அவரே எழுதி வைத்தது என்று சொன்னபோது, நான் என் கோப்பியைத் தள்ளி வைத்தேன். இந்த நாட்டில் சாவைப் பற்றி இப்படித்தான் பேசுவார்கள், பயணத்துக்கு டிக்கட் போட்டதைச் சொல்வதுபோல. அவர்களுடைய முறை அது, எனக்கு அதில் சொல்ல ஒன்றுமில்லை என்று எண்ணிக்கொண்டேன். வாப்பாவின் கதையை அன்றுதான் அவரிடம் சொன்னேன். அவர் என் கையைப் பிடித்து, உங்களிடம் கேட்கவே இல்லையா என்று இரண்டு தடவை கேட்டார்.

அதற்கு அடுத்த கிழமை ஒரு காலை, புரொபசர் சாப்பிடுவதை நிறுத்தியிருந்தார். வாயை ஈரத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தேன். நான் ஒன்றும் ஓதவில்லை, ஒன்றும் சொல்லிக்கொடுக்கவில்லை. இதை அல்லாஹ்வுக்குப் பயந்து எழுதுகிறேன். அவர் கண்ணைத் திறந்து கூரையைப் பார்த்தார். இடது கையின் சுட்டுவிரல் எழும்பியது. லா இலாஹ இல்லல்லாஹ் என்றார். நிறுத்தி, மூச்செடுத்து, முஹம்மதுர் ரஸூலுல்லாஹ் என்று முடித்தார். திரும்பவும் சொன்னார். எங்கள் பெரியவர்கள் இழுத்துச் சொல்கிற அதே இழுப்பு. மெஃப்ரௌ மறுபக்கத்தில் நின்றார். இது புதிது, இதை நான் கேட்டதில்லை, என்ன சொல்கிறார் என்றார். இறைவனைப் பற்றியது, நாளைக்கு விளக்கமாகச் சொல்கிறேன் என்றுவிட்டு வெளியே வந்தேன். 

கலிமாவைச் சொன்னவர் முஸ்லிம். முஸ்லிமின் மையித்தை எரிக்கக் கூடாது. இவ்வளவும் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் சொன்னது யார்? அவருடைய வாயில் இருந்த ஒவ்வொரு சொல்லும் மஜீத் காக்காவிடம் வாங்கியது. பேச்சை இரவல் வாங்கினால் ஈமானும் கூட வருமா? நானாவுக்குப் போன் எடுத்து எல்லாவற்றையும் சொன்னேன். இது சும்மா பழகின சொல்லாகவும் இருக்கலாம் என்றேன். நானா கடையைப் பொடியனிடம் விட்டுவிட்டு வெளியே வந்தது சத்தத்தில் தெரிந்தது.

“நீ அந்த மனிசன்ட கல்பப் பொளந்து பாத்தியா?” என்றார். “எங்களுக்குக் கலிமா வானத்தால விழுந்ததா? வாப்பா செல்லித் தந்த. அந்தாளுக்கு மஜீத் காக்கா செல்லிக் குடுத்தீக்கி.”

எரிக்கப் போகிறார்கள் நானா, எல்லாம் முடிவாகிவிட்டது என்றேன்.  அவர் எந்த வாசலை நினைத்துக்கொண்டு நின்றார் என்று எனக்குத் தெரியும்.

“ஒண்டும் செல்லாம மட்டும் வந்துடாத” என்றார். “செல்லிட்டு வா. அதுக்குப் பொறகு பொஞ்சாதிட பாடு.”

மறுநாள் மெஃப்ரௌவிடம் சொன்னேன். எனக்குத் தெரிந்த அரைகுறை ஒல்லாந்து மொழியில், ஒரு மனிதன் முஸ்லிமாவதற்குச் சொல்கிற சொல் இது, உயிர் போகும் நேரத்தில் எங்கள் வாயில் வர வேண்டும் என்று வாழ்நாள் முழுக்க துஆ கேட்கிற சொல்லும் இதுதான், இதைச் சொன்னவரை நாங்கள் எரிப்பதில்லை என்று சொன்னேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவருடைய கணவரைத் திருடப் பார்க்கிறேன் என்று நினைப்பாரோ என்று பயந்தேன். அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

“இதைச் சொன்னது என் கணவரா, மஜீதா?”

தெரியாது என்றேன். அதைவிட வேறு உண்மை என்னிடம் இருக்கவில்லை. அவர் மேல்மாடிக்கு ஏறிப் போனார். நான் புரொபசரைக் கழுவி, படுக்கை விரிப்பு மாற்றி முடிக்கும்வரை இறங்கவில்லை. இறங்கி வந்தபோது கண் சிவந்திருந்தது, குரல் நேராக இருந்தது.

“நான் இரண்டு ஆண்களோடு வாழ்ந்திருக்கிறேன். எழுதி வைத்தது என் கணவர், அதனால் எரிப்பது அவர் சொன்னபடி. ஆனால் கழுவுவதைப் பற்றி அவர் ஒன்றும் எழுதவில்லை. உங்கள் ஆட்கள் மஜீதை எப்படிக் கழுவியிருப்பார்களோ, அப்படிக் கழுவுங்கள்.”

நான் வாதாடியிருக்கலாம். அடக்குங்கள் என்று காலைப் பிடித்திருக்கலாம். நாக்கு நுனிவரை வந்ததுதான். ஆனால் ஒரு மையித்தின் மேல் அதன் வீட்டாரைத் தள்ளிவிட்டு வேறொருவர் முடிவெடுத்தால் அது எப்படி எரியும் என்று எனக்குத் தெரியும். இந்தப் பெண்மணி என்னைக் கேட்டார், நான் சொன்னதைக் கேட்டார், அழுதார், பிறகு முடிவெடுத்தார். எங்களுக்கு அந்த ஆஸ்பத்திரி வாசலில் அது கிடைக்கவில்லை. சரி என்றேன். வெளிநாடுகளில் இதை வாசிக்கிற என் சகோதரர்களில் சிலர் நான் செய்தது போதாது என்பீர்கள். அதையும் அல்லாஹ்விடம் ஒப்படைத்திருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை விடிந்த பிறகு அவர் மௌத்தானார். டொக்டர் வந்து போனதும் மெஃப்ரௌ என்னை அழைத்தார். இந்த நாட்டில் இறந்தவரை வீட்டிலேயே கழுவி உடுப்பிப்பது வழக்கத்தில் உண்டு, ஆகவே யாரும் அதிசயமாகப் பார்க்கவில்லை. இளஞ்சூட்டுத் தண்ணீர் எடுத்தோம். துணியால் மறைத்து, தொழுகைக்குக் கழுவுவதுபோல ஒளுச் செய்துவிட்டு, வலப்பக்கத்திலிருந்து தொடங்கினேன். மெஃப்ரௌ தண்ணீர் ஊற்றினார். மனைவி ஊற்றலாம், எங்கள் மார்க்கத்திலும் அதற்குத் தடையில்லை என்று சொன்னபோது அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்து போனது. ஒவ்வொரு நாளும் கழுவிய உடம்புதான். அன்று அது முனகவில்லை, தண்ணீர் சுடுகிறது என்று சொல்லவில்லை. காதுக்குப் பின்னால் துடைக்கும்போது என்னை அறியாமல் வாப்பா என்று சொல்லிவிட்டேன். மெஃப்ரௌவுக்கு அந்தச் சொல் தெரியும். கேட்காததுபோல இருந்தார். அலுமாரியிலிருந்து மடிப்புக் கலையாத வெள்ளைப் பருத்தி விரிப்புகளை எடுத்துத் தந்தார். சுற்றி முடித்தோம்.

கட்டிலை இழுத்து, தொழுகிற திசையான கிப்லாவுக்குத் திருப்பினோம். எங்கள் ஊரில் கிப்லா கடல் பக்கம். வாப்பா கடலைப் பார்த்துத்தான் தக்பீர் கட்டித் தொழத் தொடங்குவார். இங்கே கடல் எனக்கு முதுகுப் பக்கம். கிப்லா ஊர் இருக்கிற திசையில். இத்தனை வருடம் தொழுதும் இது எனக்குத் தோன்றவில்லை: வாப்பா உயிரோடிருந்த காலமெல்லாம் அவர் என் பக்கம் பார்த்து நின்றிருக்கிறார், நான் அவர் பக்கம் பார்த்து நின்றிருக்கிறேன், நடுவில் கஃபா. ஜனாஸாத் தொழுகைக்கு நின்றேன்; யாருக்காகத் தொழுகிறேன் என்று மனதில் எண்ண வேண்டும். புரொபசரின் பெயர் வந்தது, மஜீத் காக்காவின் பெயர் வந்தது, வாப்பாவின் பெயரும் வந்து வரிசையில் நின்றது. என் முன்னால் இருக்கிற இந்த மையித்துக்காக என்று மட்டும் எண்ணிக் கையை உயர்த்தினேன். ஜனாஸாத் தொழுகையில் குனிவதும் இல்லை, தரையில் நெற்றி வைப்பதும் இல்லை. நின்ற நிலையிலேயே தொடங்கி நின்ற நிலையிலேயே முடியும். மூன்றாவது தக்பீரில், தெருவில் அவரை ஏற்றிப்போகிற வாகனம் வந்து நிற்கிற சத்தம் கேட்டது. நான் அவசரப்படவில்லை. முடித்து, வலப்பக்கம் திரும்பி ஸலாம் சொன்னேன். அங்கே மெஃப்ரௌ கைகளைக் கோத்துக்கொண்டு நின்றார். இடப்பக்கம் திரும்பி ஸலாம் சொன்னேன். அங்கே ஒருவரும் இல்லை. பதில் வருமளவுக்கு நின்றுவிட்டுத்தான் கதவைத் திறக்கப் போனேன்.